மருந்துக்கு ஒரு கணக்கு, நெறிக்கட்டிக்கு ஒரு கணக்கு

லைம் நோய் என்றதும் அமெரிக்காவின் கிழக்குக் கரைக் காடுகள்தான் நினைவுக்கு வரும். கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூரிலும் அக்கம்பக்கத்திலும் 1970களில் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீங்கியது. அதை ஆராயப் போனதில்தான் நோய்க்கு அந்த ஊர்ப் பெயர் வந்தது. உண்ணியின் குடலில் இருக்கும் சுருள் வடிவப் பாக்டீரியாவே காரணம் என்று வில்லி பர்க்டார்ஃபரும் சக ஆய்வாளர்களும் 1982-இல் எழுதினார்கள். கிருமிக்கும் பொரீலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

இந்தியாவில் 1990-இல் சிம்லாவைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு இந்த நோய் வந்ததை மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. தென்னிந்தியாவில் இதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பெங்களூரின் கண் மருத்துவர்களும் உண்டு. பார்வை நரம்பும் விழித்திரையும் வீங்கிய நிலையில் வந்த ஒரு நோயாளிக்கு லைம் நோயே காரணம் என்று 2010-இல் எழுதினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் நாகரஹொளெ, பண்டிப்பூர் காடுகளை ஒட்டி வாழ்பவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, பொரீலியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் கணிசமானவர்களிடம் இருந்தது தெரிந்தது. எதிர்ப்பொருள் இருப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் பெங்களூரிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய காடுகள் அவை. சனி ஞாயிறுகளில் அந்தப் பக்கம் போகிற வண்டிகளுக்கும் குறைவில்லை.

ஆகவே பெங்களூரில் லைம் நோய் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. அப்படி ஒருவருக்கு நோய் உறுதியாகி டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் விட்டுவிட்டது. தோலில் இருந்த சிவந்த வட்டம் மங்கிவிட்டது. ஆனால் அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியது மட்டும் அப்படியே நிற்கிறது. சிலருக்கு முன்னைவிடப் பெரிதாகவும் தெரிகிறது. மருந்து வேலை செய்யவில்லையோ என்ற பயம் அங்கேதான் பிடிக்கிறது. மருந்து முடிய வேண்டிய நாளும் நெறி கரைய வேண்டிய நாளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்வதால் வருகிற பயம் அது. உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

உள்ளே போக வழி உண்டு, வெளியே வர இல்லை

நெறி கட்டுவது என்றால் நிணநீர்க்கணு வீங்குவதுதான். நம் உடம்பில் சிறிதும் பெரிதுமாகச் சில நூறு நிணநீர்க்கணுக்கள் இருக்கின்றன. திசுக்களிலிருந்து வடிகிற நிணநீர் இவற்றின் வழியாக ஓடித்தான் ரத்தத்தில் கலக்கிறது. ஒவ்வொரு கணுவுக்கும் தனித்தனி எல்லை உண்டு. காலில் பட்டது தொடை இடுக்குக்கு வரும், கையில் பட்டது அக்குளுக்கு, தலையில் பட்டது காதுக்குப் பின்னும் பிடரிக்கும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையில் நெறி கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உடற்கூற்றியல்படி முற்றிலும் சரி.

சாதாரண நாளில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் கணுவுக்குள் வந்து, தங்களுக்குப் பொருத்தமான கிருமி ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு, சில மணி நேரத்திலேயே மறு வழியாக வெளியேறிவிடும். கிருமி வந்த செய்தி எட்டியதும் இந்தப் போக்குவரத்து தலைகீழாகிறது. கணுவுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் விரிகிறது, உள்ளே வரும் அணுக்களின் எண்ணிக்கை பன்மடங்கு கூடுகிறது. அதே நேரம் வெளியே போகும் வழி தற்காலிகமாக அடைபடுகிறது. முகூர்த்த நேரத்துக் கல்யாண மண்டபம் போலத்தான்: வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், சாப்பிடாமல் கிளம்ப யாரையும் விடுவதில்லை. வெளியேறச் சொல்லும் ரசாயனச் சமிக்ஞையை உணரும் ஏற்பியை அந்த அணுக்கள் தங்கள் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கூட்டம் உள்ளேயே தங்குவது அதனால்தான்.

கூட்டத்துக்கு இடம் வேண்டுமே. கணுவின் உட்புறம் நார் போன்ற செல்களால் பின்னிய ஒரு வலை. கிருமியின் துணுக்கைச் சுமந்து வரும் டென்ட்ரிடிக் செல்கள் இந்த நார்ச் செல்களைத் தொட்டதும் அவை தங்கள் இறுக்கத்தைத் தளர்த்தி நீள்கின்றன, கணு விரிந்து கொடுக்கிறது. இது எப்படி நடக்கிறது என்பது 2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் தெளிவானது. வலை தளர்ந்தாலும் கணுவைச் சுற்றிய உறை அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை. உறை இழுபடும்போதுதான் வலிக்கிறது. இரண்டு மூன்று நாளில் வீங்கிய கணு தொட்டால் வலிப்பதும், மாதக்கணக்கில் வளர்ந்த கட்டி பெரும்பாலும் வலிக்காததும் இதனால்தான். நெறிக்கட்டி வலிக்கிறதே என்று கலங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் நல்லது: வலியோடு வேகமாக வந்த கட்டி பெரும்பாலும் தொற்றால் வந்தது. மருத்துவர்கள் அதிகம் சந்தேகப்படுவது வலியில்லாமல் வளர்வதைத்தான்.

கிருமி தொலைந்த பிறகு இதெல்லாம் பின்னோக்கி நடக்க வேண்டும். அடைத்த வழி திறக்க வேண்டும், பெருகிய அணுக்கள் மடிந்து அப்புறப்பட வேண்டும், நீண்ட வலை சுருங்க வேண்டும். வீங்குவதற்குச் சில நாள் போதும். வடிவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். சில கணுக்கள் தழும்பேறி, உருட்டினால் நழுவுகிற சிறு கட்டியாகக் காலம் முழுக்க இருந்துவிடும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

பொரீலியாவின் தனி வழக்கம்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நிக்கோல் பாம்கார்ட்டின் ஆய்வுக் குழு எலிகளில் பொரீலியாவைப் பின்தொடர்ந்தது. 2011-இல் அவர்கள் சொன்னது: இந்தக் கிருமி இறந்த துணுக்காக மட்டும் கணுவுக்குள் வருவதில்லை, உயிரோடே வந்து குடியேறுகிறது. கணு பெரிதாக வீங்குகிறது, எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்கள் அதில் குவிகின்றன. ஆனால் 2015-இல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் விசித்திரமான ஒன்றைக் காட்டியது. பி செல்கள் தங்கள் எதிர்ப்பொருளைக் கூர்தீட்டிக்கொள்ளும் நுண்ணிய பயிற்சி மையங்கள் கணுவுக்குள் உருவாவதுண்டு. பொரீலியா தொற்றிய எலிகளில் அவை தொடங்கிய சில வாரங்களிலேயே குலைந்துபோயின. வீக்கத்துக்கேற்ற நீடித்த எதிர்ப்பாற்றல் அந்தக் கணுக்களிலிருந்து வரவில்லை.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: கணு எவ்வளவு பெரிது என்பது எதிர்ப்புச் சக்தி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கோ, கிருமி எவ்வளவு மிச்சம் என்பதற்கோ அளவுகோல் ஆகாது.

இப்போது மருந்துக்கு வருவோம். 2020-இல் அமெரிக்காவின் தொற்றுநோய், நரம்பியல், மூட்டு நோய் மருத்துவச் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, தோலில் சிவந்த வட்டம் மட்டும் உள்ள ஆரம்ப நிலைக்கு டாக்சிசைக்ளின் பத்து நாள் போதும் என்கிறது. அமாக்சிசிலின் அல்லது செஃபுராக்சிம் என்றால் பதினான்கு நாள். நரம்பையோ மூட்டையோ தாக்கியிருந்தால் இன்னும் நீளும். பத்து நாள் மருந்து எங்கே, நான்கு வாரம் எடுக்கிற கணு எங்கே! சிகிச்சை முழு வெற்றி பெற்ற நோயாளிக்கும் கடைசி மாத்திரையை விழுங்கும் நாளில் கையில் கட்டி தட்டுப்படலாம்.

இன்னொன்றும் உண்டு. டாக்சிசைக்ளின் முக்கியமாகச் செய்வது கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்துவதுதான். அது பெருக முடியாமல் நிற்கும்போது அதை விழுங்கி அகற்றும் வேலை உடம்பின் செல்களுடையது. மருந்து நாட்களில் கணு ஓய்வெடுப்பதில்லை, மும்முரமாக இருக்கிறது. கிருமி செத்த பிறகும் அதன் செல் சுவரின் துண்டுகள் சிலரிடம் தங்கிவிடும். லைம் நோயால் மூட்டு வீங்கி, சிகிச்சையும் முடித்தவர்களின் மூட்டு நீரில் அந்தத் துண்டுகள் இருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2019-இல் கண்டார்கள். உயிருள்ள கிருமி இல்லாமலும் வீக்கம் நீடிக்க முடியும் என்பதற்கு அது ஓர் ஆதாரம்.

முதல் நாள் நடுக்கம்

மருந்து தொடங்கிய சில மணி நேரத்தில் குளிர் எடுத்து, காய்ச்சல் ஏறி, உடம்பு முறித்துப்போட்டது போல் வலிப்பது ஒருசிலருக்கு நேரும். தோல் சிவப்பு கூடும், நெறியும் அதிகமாக வலிக்கும். பாக்டீரியாக்கள் ஒரே நேரத்தில் உடைந்து அவற்றின் உட்பொருள் கசிவதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை இது. லைம் நோய்க்கு வெகு காலத்துக்கு முன்பே, சிஃபிலிஸ் நோயாளிகளுக்குப் பாதரசம் கொடுத்த காலத்தில் இதைக் கவனித்த ஆஸ்திரியாவின் அடால்ஃப் யாரிஷ், ஃபிராங்ஃபர்ட்டின் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் ஆகிய இரு தோல் மருத்துவர்களின் பெயரால் இது அறியப்படுகிறது. சிஃபிலிஸ் கிருமியும் பொரீலியாவைப் போலவே சுருள் வடிவப் பாக்டீரியாதான்.

இந்த எதிர்வினைக்கு ஒரு கால எல்லை இருக்கிறது. முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வரும், ஓரிரு நாளில் அடங்கும். மூன்றாம் வாரம் வந்த காய்ச்சலுக்கும் இரண்டாம் மாதம் வந்த வீக்கத்துக்கும் இந்தப் பெயரைச் சூட்டி, கிருமி சாகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வது தவறு. அப்போது வேறு காரணம் தேட வேண்டும்.

பெங்களூரில் இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி

அமெரிக்க மருத்துவருக்கு உண்ணிக்கடி, காய்ச்சல், நெறி மூன்றும் சேர்ந்து வந்தால் லைம் முன்னால் வந்து நிற்கும். இங்கே அப்படியில்லை. நெறி கட்டவைக்கும் பிற நோய்கள் வரிசையில் முந்திக்கொள்கின்றன. சிகிச்சைக்கு நடுவில் நெறி குறையாவிட்டால், மருந்து தோற்றதா என்று கேட்பதற்கு முன்னால் நோய் லைம்தானா என்று கேட்க வேண்டும். ரத்தப் பரிசோதனை மட்டும் வைத்துச் சொன்ன முடிவு என்றால் இன்னும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். நோய் அரிதாக உள்ள ஊரில் பொய்யான ‘பாசிட்டிவ்’ சகஜம்.

முதலில் ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேனின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக ஒரு புண் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பில் நாடா கட்டும் இடம் என்று மறைவான மடிப்புகளில் இருப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. தொடை இடுக்கில் ஒரு பக்கம் மட்டும் நெறி இருந்தால், அந்தக் காலை விரலிடுக்கு முதல் இடுப்பு வரை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார் அனுபவமுள்ள மருத்துவர். அந்தக் கறுப்புப் பொருக்கு கிடைத்துவிட்டால் பாதி நோயறிதல் முடிந்தது. நல்லவேளையாக இதற்கும் டாக்சிசைக்ளின்தான் மருந்து. பெரும்பாலும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. இங்கும் காய்ச்சல்தான் முதலில் போகும், நெறி பின்னால் கரையும்.

அடுத்தது கியாசனூர் காட்டு நோய். 1957-இல் ஷிமோகா மாவட்டத்தின் சொரப வட்டத்தில் குரங்குகள் செத்து விழுந்ததைத் தொடர்ந்து கண்டறியப்பட்டது. கர்நாடகத்தில் குரங்குக் காய்ச்சல் என்றே மக்கள் சொல்கிறார்கள். 2012-இல் பண்டிப்பூர்ப் பக்கமும் தலைகாட்டியது. உண்ணிதான் இதையும் பரப்புகிறது, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும். ஆனால் இது வைரஸ். லைம் மாத்திரை இதை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிலருக்குத் தலைவலியோடும் மூளைக்காய்ச்சல் அறிகுறிகளோடும் திரும்பி வரும். ரத்தக்கசிவும் உண்டு. காட்டுப் பக்கம் போய் வந்தவர்கள் மருத்துவரிடம் ஊரையும் தேதியையும் சொல்ல வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட வாய்ப்பு அதிகமானது: காசநோய். தேசியக் காசநோய் நிறுவனம் 1959 முதல் இருக்கிற ஊர் பெங்களூரு. கழுத்தில் ஆறாத நெறி என்றால் இங்குள்ள மருத்துவர் முதலில் டி.பி.யைத்தான் நினைப்பார். அதில் தவறில்லை. சிகிச்சைக்கு நடுவில் கணு பெரிதாவது பற்றி மருத்துவ உலகம் அதிகம் கற்றுக்கொண்டதும் இந்த நோயிடமிருந்துதான். நிணநீர்க்கணுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. தொடங்கி ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கணு பெரிதாகிறது, புதிதாக இன்னொன்று முளைக்கிறது, சிலருக்கு உடைந்து சீழும் வடிகிறது. அந்தச் சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் பெரும்பாலும் கிருமி வளர்வதில்லை. மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது. உடம்பின் எதிர்ப்புத்தான் எச்சங்களின் மேல் சீறுகிறது. மருந்து எதிர்ப்புக் கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதே மருந்தைத் தொடர்வார்கள். லைம் நோயில் வாரக் கணக்கில் நடப்பது இங்கே மாதக் கணக்கில் நடக்கிறது.

அதுவரை என்ன செய்வது?

வாரம் ஒரு முறை அளந்தால் போதும். படுத்துக்கொண்டு, மூன்று விரல் நுனிகளால் கட்டியை மெதுவாக உருட்டிப் பாருங்கள். நழுவுகிறதா, ஒட்டியிருக்கிறதா? மெத்தென்று இருக்கிறதா, கல்லாக இருக்கிறதா? நீளத்தைச் சென்டிமீட்டரில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு செ.மீ. வரையும், தொடை இடுக்கில் ஒன்றரை செ.மீ. வரையும் இயல்பு. நாளைக்குப் பத்துத் தடவை அமுக்கிப் பார்ப்பவருக்கு அந்த அமுக்கலாலேயே வலி கூடும், கூடிய வலியைப் பார்த்து இன்னும் அமுக்கத் தோன்றும்.

வலிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் இதம் தரும். பாரசிட்டமால் போதும். டெங்குவும் குரங்குக் காய்ச்சலும் இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகைகளைத் தவிர்ப்பது நல்லது, ரத்தக்கசிவு கூடக்கூடும். கட்டியைத் தேய்த்துவிட வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போடுவது தோலைப் புண்ணாக்கும். பிறகு சிவப்பு தொற்றாலா பற்றாலா என்று மருத்துவரே குழம்புவார்.

டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அசிடிட்டி மருந்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்; சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. வெயில் பட்டால் தோல் சட்டென்று கறுத்து எரியும். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய தருணங்களும் உண்டு. மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்காதது, கணுவின் மேல் தோல் சிவந்து சூடாகி நடுவில் இளகுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கழுத்தை மடக்க முடியாத தலைவலி, படபடப்பு, மயக்கம். காறை எலும்புக்கு மேலே எந்த அளவில் கட்டி தட்டுப்பட்டாலும் காட்ட வேண்டும். இரவில் சட்டை நனைய வியர்ப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, அசையாத கடினக் கட்டி ஆகியவை புற்றுநோயையும் டி.பி.யையும் தேடச் சொல்லும் அறிகுறிகள். சோதிக்காமல் ஸ்டீராய்டு எடுத்தால் சில ரத்தப் புற்றுநோய்களின் கட்டி கூடத் தற்காலிகமாகச் சுருங்கி ஏமாற்றிவிடும்.

கடைசியாக, மாத்திரையை நீட்டுவது பற்றி. லைம் சிகிச்சைக்குப் பிறகும் சோர்வும் வலியும் தொடர்ந்தவர்களுக்கு நெடுநாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு வார ஊசிக்குப் பிறகு பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டவர்களும், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் முடிவில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். 2016-இல் அந்த முடிவு வெளியானது. எதிர்ப்பொருள் சோதனையைத் திரும்பச் செய்வதிலும் பயனில்லை. நோய் தீர்ந்த பிறகும் அது ஆண்டுக்கணக்கில் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். மருந்து முடிந்து நான்கு வாரம் ஆகியும் கணு குறையாமல் நின்றாலோ வளர்ந்தாலோ, தேதியும் அளவும் எழுதிய தாளோடு மருத்துவரிடம் போங்கள். அங்கே கேட்க வேண்டியது இன்னொரு அட்டை மாத்திரையை அல்ல, ஊசியால் கணுவிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையை.